ஒருவன் போக ஒருவன் நிற்க

சிவமயம்
கப்பலிலிருந்து, 14-2-1943

என் தங்கச்சி பாலசுந்தரிக்கு அண்ணன் நாகரெத்தினம் எழுதுவது. நான் கல்லுப்போல இருக்கிறேன். நீயும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? எண்ணெய் பூசச் சொன்னால் பூசமாட்டா, பிறகு என் பேரைச் சொல்லி அழுவா. நீதான் பிடித்து வைத்துப் பூசவேண்டும்.

எங்கே நிற்கிறோம் என்று எழுதக்கூடாது. எழுதினால் கடிதம் வாசிக்கிற துரை கறுப்பு மை பூசிவிடுவார். கடலில் எதிரி போட்டு வைத்த வெடிகளை வாரி எடுக்கிற சின்னக் கப்பல் என்று நீ அறிந்தால் போதும். அம்மாவிடம் மீன் பிடிக்கிற கப்பல் என்றே சொல்லு. முந்தி இது மீன் பிடித்த கப்பல்தான், பொய்யும் இல்லை.

வெள்ளைக்கார மாலுமிகளின் வாயில் நாளுக்கு நூறு தரம் வருகிற ஒரு சொல்லைக் கேள்: ஒப்போ. வாத்தியாரிடம் கேட்காதே, அவருக்கும் தெரியாது. கப்பலில் ஆட்களை இரண்டு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதி காவலில் நிற்க மற்றது படுக்கும். எனக்கு இரும்புவடம் சுற்றுகிற யந்திரத்தில் வேலை. அதே வேலை மற்றப் பகுதியில் ஒருவனுக்கு உண்டு. அவன் என் ஒப்போ. கொம்புமுறி விளையாட்டில் வடசேரிக் கட்சியும் தென்சேரிக் கட்சியும் ஒரே கொம்பை ஆளுக்கொரு பக்கம் இழுக்குமே, அப்படி. இங்கே வசைப்பாட்டு மட்டும் இல்லை.

நான் காவலில் நின்றால் என் சோற்றை அவன் வாங்கி மூடி வைப்பான். மழை வந்தால் என் உடுப்பை அவன் எடுப்பான். ஒருவன் லீவில் போனால் மற்றவன் கப்பலில் நிற்கவேண்டும், இரண்டு பேரும் ஒன்றாகப் போக முடியாது. ஒருவனுக்கு ஏதும் நடந்தால் அவன் வீட்டுக்கு எழுதுவதும் மற்றவன் கடமை. கரையில் சேர்ந்து குடிக்கிறவனையும் வெள்ளைக்காரன் ஒப்போ என்பான். அது சும்மா வாய்க்கு வந்தது. இது வேறு.

என் ஒப்போ களுதாவளைப் பொடியன், பேர் பாக்கியராசா. கதை குறைவு. குறட்டை அதற்கும் சேர்த்து.

உன் அண்ணன்
நாகரெத்தினம்


ஆரையம்பதி, 9-3-1943

அன்புள்ள அண்ணன் அறிவது, உன் கடிதம் இருபத்தொரு நாள் நடந்து வந்து சேர்ந்தது. நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வற்றிவிட்டது, இப்போது முதுகைச் சொல்கிறா.

கூப்பன் அரிசி புழுத்துக் கிடக்கிறது. புடைத்துப் புடைத்து எனக்குக் கை வலி. ஆனாலும் உனக்குக் கூனி இறாலும் மணலைக் கருவாடும் பொரிமாவும் கட்டி அனுப்பியிருக்கிறேன். இரண்டு பங்காகக் கட்டியிருக்கிறேன். உன் சோற்றை மூடி வைக்கிறவருக்கு ஒரு பங்கு. நீ இரண்டையும் தின்றுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அம்மா கேட்கச் சொன்னா: "அந்தப் புள்ளைக்குத் தாய் தகப்பன் இரிக்காங்களா? கலியாணம் முடிச்சிட்டாரா?" இதை அம்மாதான் கேட்டா. நான் எழுத மட்டும் செய்தேன்.

உன் தங்கச்சி
பாலசுந்தரி


கப்பலிலிருந்து, 2-8-1943

தங்கச்சிக்கு அண்ணனின் அன்பு. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வெயிலில் கரிச்சட்டியாகிவிட்டேன்.

"அம்மாதான் கேட்டா" என்று எழுதியிருந்தாய். நல்லது. அம்மாவுக்கே பதில் சொல்லு: தாய் மட்டும் உண்டு, கலியாணம் இல்லை. போன மாதம் அவன் லீவில் வந்தபோது நம் வீட்டுக்குச் சவர்க்காரமும் தேயிலையும் கொடுத்துவிட்டேன். கொண்டுவந்து தந்தான்தானே? திரும்பி வந்ததிலிருந்து ஆளுக்கு ஒரு மாதிரி. "அம்மா எப்பிடி இரிக்கா?" என்று கேட்டேன். "கூனிச் சம்பல் நல்லம்" என்கிறான். இதென்ன பதில்?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உனக்குச் சம்மதமா? நம் வழக்கப்படி அவன் நம் வீட்டுக்குத்தான் குடிவருவான். களுதாவளை வீடு அவன் அக்காவுக்குப் போய்விட்டது. அம்மாவுக்கும் ஒரு ஆம்பிளைத் துணை. தாய்வழிக் குடி என்ன என்று அம்மா விசாரித்திருப்பா, எனக்குத் தெரியும்.

நாகரெத்தினம்


ஆரையம்பதி, 30-8-1943

அன்புள்ள அண்ணன், பிள்ளையார் புண்ணியத்தில் இருக்கிறோம்.

விசாரிக்காமல் விடுவாவா? அவர் செருப்பைக் கழற்றுமுன்னே கேட்டுவிட்டா: "மனே, நீங்க என்ன குடி?" நல்லகாலம், வேறு குடி. ஒரே குடி என்றால் அண்ணன் தங்கச்சி முறையாகியிருக்கும். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். போகும்போது தலையைத் திருப்பிக் கிறுகிப் பார்த்தார். அவ்வளவுதான் அண்ணன். அதற்குமேல் என்னிடம் கேட்காதே. அம்மா சரி என்றால் எனக்கும் சரி.

ஆனால் அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறா. "தகப்பன் இல்லாத புள்ள. மாப்பிள்ளைக்குக் கால்கழுவிக் கையப் புடிச்சிக் கூட்டி வாற மச்சினனும் இல்லாம ஒரு கலியாணமா? அவன் வரட்டும், மறுகா பாப்பம்." நீ வந்தால் மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளை வந்தால் நீ இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அதென்ன கோதாரிக் கப்பல், ரெண்டு பேருக்கும் எட்டு நாள் குடுக்கேலாதா?" என்று ஏசுகிறா. உங்கள் துரையிடம் ஒருதரம் கேட்டுப் பாரேன்.

பாலசுந்தரி


கப்பலிலிருந்து, 11-5-1944

என் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும். இத்தனை மாதம் எழுதாததற்கு மன்னியுங்கள். தொலைவில் நின்றோம். காய்ச்சல் வந்து போய்விட்டது, இப்போது தேறிவிட்டேன்.

துரையிடம் மூன்று தரம் கேட்டோம். மூன்றாம் தரம் அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "வடத்தை யார் சுற்றுவது, உன் அம்மாவா?" ஆகையால் அம்மா, பிடிவாதத்தை விடுங்கள். யுத்தம் முடியட்டும் என்று இருந்தால் பாலசுந்தரிக்கு நரைத்துவிடும். ஆனி மாதம் முறைப்படி எட்டு நாள் லீவு எனக்கு. அதை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் முறையில் நான் நிற்பேன். அவன் மாட்டேன் என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. "ஒண்ட தங்கச்சிட கலியாணத்துக்கு நீ இல்லாம நான் என்ன மூஞ்சியோட போற?" என்கிறான். மூஞ்சியைக் கழுவிக்கொண்டு போ என்று சொன்னேன்.

அம்மா, மற்றக் கலியாணங்களில் மச்சினனுக்கு வாசலில் வேலை. இந்தக் கலியாணத்தில் எனக்கு வேலை இங்கே. நான் இங்கே நின்றால்தான் மாப்பிள்ளை அங்கே வருவார். இதைவிடப் பெரிய முறை என்ன இருக்கிறது? எனக்கு அழுகை வருகிறதுதான், சொல்லிவிடுகிறேன். என் ஒரே தங்கச்சியின் கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்கப்போவதில்லை. பாலசுந்தரி, ஒன்றும் விடாமல் எழுது. யார் யார் வந்தது, யார் கோபித்தது, சோறு அடிப்பிடித்ததா, எல்லாம்.

நாகரெத்தினம்


ஆரையம்பதி, 28-6-1944

என் தங்க அண்ணன், உன் தங்கச்சி இப்போது பெரிய மனிசி. சுகமாக இருக்கிறேன். நீ சுகமா?

ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னாய். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். பெரியம்மாவின் மகன் செம்பை எடுத்துக்கொண்டு கால்கழுவ ஓடினார். இவர் தடுத்துவிட்டார். "அது நாகரெத்தினத்துட வேலை. வேற ஆக்கள் செய்யாதீங்க" என்று சொல்லிச் செம்பை வாங்கித் தானே காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். பெரியம்மா மகனுக்கு மூஞ்சி கறுத்துப்போய்ச்சு. அம்மா அழுதா. பிறகு அன்றைக்கு முழுக்க மருமகன் மருமகன் என்று வாய் ஓயவில்லை. சோறு அடிப்பிடிக்கவில்லை, கத்தரிக்காய் ஆணத்துக்குத்தான் உப்புக் கூட.

இவரோடு கதைப்பது கஷ்டம் என்று நினைத்துப் பயந்தேன். உன்னைப் பற்றிக் கேட்டால் போதும், வாய் திறக்கிறார். நீ நித்திரையில் பாடுவாயாமே! இன்றைக்கு மூன்றாம் நாள். விடியவே எழும்பி வேலிக்குக் கம்பு நடுகிறார். அம்மா பக்கத்தில் நின்று அதிகாரம் பண்ணுகிறா. நீயும் இருந்திருந்தால் எனக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டாம்.

வாசலில் சைக்கிள் மணி கேட்கிறது. தபால்காரர்தான். நில், இதை மடித்து அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

பாலசுந்தரி


கப்பலிலிருந்து, 20-9-1944

அன்புள்ள பாலசுந்தரிக்கு, சுகமாக இருக்கிறேன். மாமியின் உடம்பு எப்படி? சாப்பிடுகிறாவா?

என்னை வேறு கப்பலில் போட்டிருக்கிறார்கள். அதே வேலை. நீ அண்ணனுக்கு எழுதிய கடிதம், கப்பல் போன பிறகு வந்து சேர்ந்து, ஒப்போ என்று என் கையில் தந்தார்கள். உடைக்கவில்லை. இத்துடன் அனுப்புகிறேன். நீ அதைத் தபால்காரரிடம் நீட்டியபோது அவர் கையில் தந்தி இருந்ததை நான் வேலியில் நின்று பார்த்தேன்.

கப்பலில் வழக்கம், ஒருவன் போனால் அவன் ஒப்போ வீட்டுக்கு எழுதவேண்டும். எனக்கு எழுதக் கிடைக்கவில்லை. இங்கிலீசில் வந்த தந்தியை உங்கள் வாசலில் நின்று மாமிக்கு நானே தமிழில் வாசித்துச் சொன்னேன். வெடி தட்டிக் கப்பல் அவனோடு தாழ்ந்தது என் காவல் முறையில்.

ஐப்பசியில் லீவு இல்லை. வேலை கூட.

பாக்கியராசா


ஆரையம்பதி, 2-11-1944

அன்புள்ள மச்சான், நாங்கள் இருக்கிறோம். அம்மா சாப்பிடுகிறா, கதைதான் குறைவு. உங்களுக்கு இருமல் இல்லையே?

தந்தி வந்த அன்றே பஸ்ஸேறிப் போனீர்கள். எட்டு நாளில் மூன்று நாள் என் வீட்டில் இருந்தீர்கள். நாலு மாதம் ஆகிவிட்டது. அன்னப்பூரணி மச்சாள் கிணற்றடியில் வைத்துக் கேட்கிறா: "என்ன கா, ஒண்ட புரிசன் கடலுக்க கலியாணம் முடிச்சிட்டாரா?" சிரித்துவிட்டு வந்து அடுப்படியில் இருந்து அழுதேன். எனக்கு அண்ணன் இல்லை. நீங்களும் இல்லை என்றால் நான் யாரிடம் போய் அவனைப் பற்றிக் கதைப்பது? இந்த வீட்டில் அம்மா ஒரு மூலை, நான் ஒரு மூலை.

அன்றைக்கு நடந்ததை மனதில் வைத்திருக்க வேண்டாம். எனக்கு நீங்கள் வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். தைப்பொங்கலுக்காவது வாருங்கள்.

உங்கள் பாலசுந்தரி


கப்பலிலிருந்து, 3-1-1945

பாலசுந்தரிக்கு, சுகம். பொங்கலுக்கும் லீவு இல்லை. மாமிக்கு முதுகு வலியா, முழங்காலா? வாவிப்பக்கம் வெள்ளம் என்று கேள்விப்பட்டேன். வேலி நிற்கிறதா? கிழக்கு மூலைக் கம்பு ஆழம் காணாது, யாரையாவது பிடித்துத் திரும்ப நடச்சொல்லு. மாமிக்கு உடம்பு எப்படி என்று எழுது.

பாக்கியராசா


கப்பலிலிருந்து, 19-2-1945

மதிப்புக்குரிய தங்கச்சி பாலசுந்தரிக்கு, ஏறாவூர் மர்சூக் எழுதிக்கொள்வது. நீங்களும் தாயாரும் சுகமாக இருக்க இறைவன் அருள் செய்வான். நான் உங்களுக்கு முன்பின் தெரியாதவன். மூன்று பிள்ளைகளின் தகப்பன். இந்தக் கப்பலில் உங்கள் புருசனுக்கு நான்தான் ஒப்போ. அவர் அப்படிச் சொல்லமாட்டார், கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறது.

தங்கச்சி, லீவு இல்லை என்று அவர் எழுதுவது பொய். ஐப்பசியில் வந்தது, தையிலும் வந்தது. இரண்டையும் எனக்குத் தந்துவிட்டார். முதல் முறை என் பெண்டாட்டி நெய்ச்சோறு ஆக்கிக் கொண்டாடினாள். இரண்டாம் முறை அவளே கேட்டாள்: "அந்த மனிசனுக்கு வீடுவாசல் இல்லியா?" திரும்பி வந்து சண்டை பிடித்தேன். "நீங்க போங்க, நான் நிக்கன்" என்றேன். அப்போதுதான் வாய் திறந்தார்: "எனக்காக ஒராள் நிண்டது காணும் காக்கா. இனி ஒருத்தரும் நிக்க வேணாம்." மாமியார் ஒரு வார்த்தை சொன்னாவாம். என்ன வார்த்தை என்று கேட்டேன், சொல்லவில்லை. போக வேறு வீடும் இல்லை, அந்த வீட்டுப் படியில் எப்படிக் கால் வைப்பது என்று கேட்கிறார்.

தனக்காக என்னை நிற்க விடாதவருக்கு நான் எப்படி ஒப்போ? பங்குனிக் கடைசியில் திரும்ப அவர் முறை வருகிறது. இந்த முறை நான் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் போகமாட்டார். உங்களிடம் சொல்லவேண்டியது என் கடமை என்று எழுதினேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மர்சூக்


ஆரையம்பதி, 6-3-1945

அன்புள்ள மச்சான், மர்சூக் காக்காவின் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். கோபிக்க வேண்டாம். அம்மா இரண்டு நாள் கழித்து இன்றைக்கு விடிய என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னா. அவ சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்.

"மருமகன், நான் ஆச்சிப்பிள்ளை கதைக்கன். முழங்கால் சொகம், முதுகுதான். அத விடுங்க. அண்டைக்கு நான் சொன்னத நான் மறக்கல்ல. 'நீ போயிருந்தா எண்ட புள்ள வந்திருப்பான்' எண்டு சொன்னன். அண்டைக்குத்தான் முதல் தரம் உங்கள நீ எண்டன். வயிறு எரிஞ்சி சொன்ன. பொய் எண்டும் சொல்ல மாட்டன். நீங்க போயிருந்தா அவன் வந்திருப்பான்தான். அப்ப களுதாவளையில உங்கட தாய் என்னப் போல இரிந்திருப்பா. எண்ட மகளும் தாலி ஏறாமலே தாலி அறுத்தவளாகியிருப்பாள். இத யோசிக்க எனக்கு எட்டு மாசம் செண்டுது.

அவன் கலியாணத்துக்கு வரல்ல எண்டு அவனையும் ஏசினன். அவன் என்ன எழுதினான்? நான் இஞ்ச நிண்டாத்தான் மாப்பிள்ளை அங்க வருவார் எண்டு. அவன் சொன்னபடி நிண்டான். நீங்கதான் வரல்ல. மூணு நாள் வந்தது வரவா?

எண்ட மகன் ஒராள வீட்டுக்கு அனுப்பினான் மருமகன். அந்த ஆள் இன்னும் வந்து சேரல்ல. நான் வாசலப் பாத்துக்கிட்டு இரிக்கன்."

இதற்குமேல் அம்மாவால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

பாலசுந்தரி


ஆரையம்பதி, 2-4-1945

மதிப்புக்குரிய மர்சூக் காக்காவுக்கு, உங்கள் உடல்நலத்துக்கும் ராத்தா, பிள்ளைகளின் சுகத்துக்கும் வேண்டிக்கொண்டு பாலசுந்தரி எழுதுவது.

உங்கள் ஒப்போ வியாழக்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தார். பஸ்ஸால் இறங்கி வேலிக்கு வெளியே பையோடு நின்றாராம். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. அம்மாதான் கண்டுவிட்டு வெளியே போனா. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அம்மா ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "என்ன மனே வெயிலுக்க நிக்கிய? உள்ளுக்கு வாங்க, சோறு ஆறுது" என்றா. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அன்று முதல் அம்மா அவரை விடுவதாக இல்லை. அண்ணன் எத்தனை மணிக்கு எழும்புவான், என்ன பாட்டுப் பாடுவான், யாரோடு சண்டை போட்டான், பொரிமாவை எப்படிப் பங்கு வைத்தான், எல்லாம் கேட்கிறா. கேட்டதையே திரும்பக் கேட்கிறா. அவரும் முதல் தரம் சொல்வதுபோலச் சொல்கிறார். எனக்கு அண்ணன் பக்கத்து அறையில் இருப்பதுபோல இருக்கிறது. மத்தியானத்தில் இவர் நன்றாக நித்திரை கொள்கிறார். ஒன்பது மாதத்து நித்திரை போல.

வெள்ளிக்கிழமை ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுவேன். யுத்தம் எப்போது முடியும் என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. ஆனாலும் அனுப்புவேன்.

காக்கா, இந்த எட்டு நாளும் அவருடைய இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. ஒவ்வொரு பின்னேரமும் உங்கள் பேரையும் சொல்லித்தான் விளக்கு வைக்கிறேன். அடுத்த முறை உங்களுடையது. அவர் அங்கே நிற்பார். நான் அவரிடம் கேட்டுவிட்டேன், என் சம்மதத்தையும் சொல்லிவிட்டேன். நீங்கள் பயப்படாமல் ஏறாவூருக்குப் போய்ப் பிள்ளைகளோடு எட்டு நாளும் முழுதாக இருந்துவிட்டு வாருங்கள்.

தங்கச்சி
பாலசுந்தரி